சேம அச்சு: கடற்கரைச் சாலையில் நகர்ந்த வீடுகள்

கோவில்பதாகையிலிருந்து எட்டும் தொலைவில் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை செல்கிறது. விடியற்பொழுதில் அச்சாலையில் கொள்கலன் லாரிகளுக்கும் டிப்பர்களுக்கும் நடுவே, சில வேளைகளில், ஒரு வெள்ளை வண்டி தெற்கு நோக்கி விரைவதைக் காணலாம். நீளத்தில் அது ஒரு பேருந்து. ஆனால் பயணிகள் கண்ணில் படுவதில்லை. சன்னல்கள் கறுத்திருக்கும். கூரைமேல் குளிர்சாதனப் பெட்டி, வயிற்றுப்புறத்தில் ஜெனரேட்டர். பார்த்தவர் எவரும் 'கேரவன்' என்று சொல்லிவிடுவர். அடுத்த வினா 'உள்ளே யார்?' என்பதாகத்தான் இருக்கும். பூந்தமல்லியைச் சுற்றியுள்ள படப்பிடிப்புத் தளங்களுக்கோ, கேளம்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ அது போய்க்கொண்டிருக்கும்.

உள்ளே யார் என்னும் அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு கடலோரமாகப் போகும் வழக்கம் மேலைநாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய ஆடம்பரம் என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சங்கப் பாடல்களைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கடற்கரைச் சாலையின் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தபோது அவ்வெண்ணம் தலைகீழானது.

முதலில் மேலைநாட்டுக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கற்பனையில் இவ்வண்டி நம் நாட்டுச் சாலையில்தான் ஓடியது என்பது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்ன் 1880ஆம் ஆண்டு வெளியிட்ட 'நீராவி வீடு' என்னும் பொருள்படும் நாவலில், யானை உருவில் செய்யப்பட்ட நீராவி இயந்திரம் ஒன்று சக்கரங்கள் பூட்டிய இரண்டு பங்களாக்களை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வடக்கே புறப்படுகிறது. 1857 எழுச்சிக்குப் பத்தாண்டுகள் கழித்து நடப்பதாக அமைந்த கதை அது. ஐந்தே ஆண்டுகளில், 1885இல், கப்பற்படையில் மருத்துவராயிருந்து எழுத்தாளராக மாறிய கார்டன் ஸ்டேபிள்ஸ், இன்பப் பயணத்துக்கென்றே ஒரு வண்டி வீட்டைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி இங்கிலாந்தில் சுற்றினார். நாடோடிகளான ஜிப்சிகளின் கூண்டு வண்டிதான் அவருக்கு முன்மாதிரி. வேறுபாடு ஒன்றே: ஜிப்சிகளுக்கு அது வீடு, அவருக்கு அது விடுமுறை.

பின்னர் மோட்டார் வந்தது. வண்டிக்கேற்ற கடற்கரைச் சாலைகளும் வந்தன. முதல் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்களைக் கொண்டு, மாண்ட வீரர்களின் நினைவாக, ஆஸ்திரேலியாவின் தென்கரையில் போடப்பட்ட 'கிரேட் ஓஷன் ரோடு' 1932இல் திறக்கப்பட்டது. கலிபோர்னியாவின் பிக் சர் மலைச்சரிவை ஒட்டிய நெடுஞ்சாலை 1937இல் நிறைவுற்றது. 1960இல் ஜான் ஸ்டைன்பெக் ஒரு சிறு லாரியின் முதுகில் வீடு கட்டிக்கொண்டு, தம் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவந்தார். அவ்வண்டிக்கு டான் குயிக்சாட்டின் குதிரையான ரோசினான்டேயின் பெயரைச் சூட்டினார். இலக்கிய அன்பர்கள் அறிந்த கதைதான்.

நிற்க. நம் கரைக்கு வருவோம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கடந்து, பாலாற்றைத் தாண்டி, கடப்பாக்கத்தை அடைவர். அதனைச் சுற்றியுள்ள பேரூராட்சியின் பெயர் இடைக்கழிநாடு. பலகையில் எழுதியிருக்கும் இப்பெயரைப் படித்துவிட்டு விரைபவர்களில் எத்தனை பேர், பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பதை நினைத்துக்கொள்வர்? அப்பாட்டு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியில் எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நகரைக் காட்டுகிறது. அது இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் கருத்து. மரக்காணத்தில் சாலையின் இருமருங்கும் இன்றும் உப்பளங்களே. பெரும்பாணாற்றுப்படையோ காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துவது. இரவில் மரக்கலங்களை அழைக்கும் விளக்கு எரியும் நீர்ப்பெயற்று என்னும் துறையை அது வருணிக்கிறது. அத்துறையை மாமல்லபுரத்தோடு பொருத்திக் காண்போர் உண்டு. ஆக, இச்சாலைக்கு இரண்டு சங்கப் பாட்டுகள் வழிகாட்டி நூல்கள்.

அவ்விரண்டிலும் இக்கரையில் வண்டி ஓட்டுபவர்கள் உமணர்கள். நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச்சென்று நெல்லுக்கு மாற்றியவர்கள். அவர்களது வண்டியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் வருணிக்கும் இடம், ஒரு பட்டறைக்காரரின் கணக்கைப் போல நுணுக்கமானது. மத்தளம் போன்ற முழுமரச் சக்கரம், அதன்மேல் உறுதியான பார், புல் வேய்ந்த கூரை. வண்டியின் வாயிலில் கோழிகள் அடையும் ஒரு கூடு. அது யானைக்குக் காவலிருப்போர் கட்டும் குடிசை போலிருக்கிறது. பெண் யானையின் முழங்காலை ஒத்த சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. கயிறிட்டுக் கட்டிய காடிப் பானை ஒன்று, கூத்தர் எடுத்துச் செல்லும் இசைக்கருவி போல முன்புறத்தில் இருக்கிறது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழை சூடிய ஆடவர் பக்கவாட்டில் காவலாக நடக்கின்றனர். உப்பின் விலையைக் கூவிக்கொண்டே ஊர்ஊராக நெடுவழி போகிறது அவ்வரிசை.

சமையலறை உண்டு, இறைச்சிக்கும் முட்டைக்கும் கோழி உண்டு, கெடாத உணவு உண்டு, குழந்தைக்கு இடம் உண்டு. இதற்குமேல் ஒரு மோட்டார் வீட்டில் என்ன வேண்டும்? சிறுபாணாற்றுப்படையில் வரும் காட்சி இன்னும் இனியது. உமணரின் வண்டி வரிசையோடு சேர்ந்து வந்த ஒரு மந்தி, அவர்கள் வீட்டுப் பிள்ளை போலவே ஆகிவிட்டது. கொற்கைக் கரையில் அது, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு அடக்கி, உமணர் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. ஸ்டைன்பெக்கின் நாய்க்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்த வழித்துணை!

புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடும் 102ஆம் பாட்டு ஓட்டுநர் மனத்தையே தொட்டுவிடுகிறது. எருதுகளோ நுகம் பழகாத இளையவை. வண்டியோ பாரம் மிக்கது. பள்ளத்தில் இறங்க நேருமோ, மேட்டில் ஏற நேருமோ, யார் அறிவார்? ஆகவே உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டிவைத்தனர். அதுவே சேம அச்சு. நம் ஓட்டுநர்கள் இன்று 'ஸ்டெப்னி' என்கிறார்கள். வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் உருவான மாற்றுச் சக்கரத்தால் வந்த பெயர் அது. அதற்குரிய தமிழ்ச்சொல் புறநானூற்றில் காத்துக்கிடக்கிறது.

அச்சொல் மட்டுமா? கேரவன் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். வணிகர் கூட்டமாகச் செல்லும் அணியைக் குறித்தது. பின்னர் ஆங்கிலத்தில் மூடுவண்டிக்கும் வண்டி வீட்டுக்கும் ஆகிவந்தது. அந்த முதற்பொருளுக்கு நம்மிடம் சாத்து என்ற சொல் இருந்தது. கோவலனின் தந்தை மாசாத்துவான், பெருஞ்சாத்தின் தலைவன். கண்ணகியின் தந்தை மாநாய்கன், கடலோடிகளின் தலைவன். சிலம்பின் திருமணமே தரைவழியும் கடல்வழியும் புகார்க் கரையில் கைகோத்ததுதான்.

இனிமையை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, உமணர்கள் கூடியிருந்து நீங்கிய இடம் பாழ்பட்ட ஊர் போலத் தோன்றுவதைக் காட்டுகிறார். அவர்கள் நின்றால் அது ஊர், அகன்றால் பாழ். அகநானூற்றிலோ, சேற்றிலும் மேட்டிலும் வண்டியிழுத்து நைந்த எருதுகளின் பெருமூச்சைக் கேட்கிறோம். கடினமான வாழ்க்கைதான். ஆனால் புலவர் எவரும் அவர்களை ஐயத்தோடு பார்க்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வீடில்லாதவர் என்று இரங்கவும் இல்லை. வண்டியே அவர்களுக்கு வீடு என்பதை இயல்பாக ஏற்றுக்கொண்டு, அதன் உரலையும் பானையையும் எண்ணிச் சொன்னார்கள்.

அந்தப் பார்வை எப்போது மாறியது? இக்கேள்விக்கு விடை காணச் சில நூற்றாண்டுகளைத் தாண்டியாக வேண்டும்.

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தின் உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. 1806இல் பாசில் காக்ரேன் என்பவரது முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரக் கால்வாய் ஒன்று வெட்டத் தொடங்கினர். வடக்கும் தெற்கும் நீண்ட அக்கால்வாயின் சென்னைப் பகுதி, 1876–78 பெரும்பஞ்சத்தின்போது பட்டினி கிடந்தவர்களின் உழைப்பால் இணைக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைப் பெற்றது. மரக்காணத்து உப்பும் விறகும் அதில் படகேறின. மாமல்லபுரம் காணச் செல்வோர் மாலையில் சென்னையில் படகேறி, அதிலேயே உண்டு உறங்கி, காலையில் சிற்பங்களின் அருகே கண்விழித்தனர். இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் நீடித்த வழக்கம் அது. இன்றைய கடற்கரைச் சாலைக்கு இணையாக ஓடும் அக்கால்வாயில் வீடு சிலகாலம் நீரில் நகர்ந்தது எனலாம்.

தரையில் நேர்ந்தது வேறு. 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அது ஆவடி வழியாகச் சென்ற பாதை. இன்றும் நம் பகுதி மக்கள் மின்ரயிலுக்குக் காத்து நிற்பது அதே இருப்புப்பாதையின் ஓரத்தில்தான். ஆயிரம் எருதுகள் சுமக்கும் உப்பை அந்த ரயில் ஒரே நாளில் உள்நாட்டில் இறக்கிவிடக்கூடியது. உப்பும் தானியமும் ஏற்றித் திரிந்து வாழ்ந்த சமூகங்களின் பிழைப்பு ஒடுங்கியது. அவர்களுள் ஒரு பிரிவினரை அக்கால நூல்கள் 'உப்புக் குறவர்' என்றே குறித்தன. சங்க கால உமணரின் நேர் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று இல்லை. தொழில் ஒன்று, வழி ஒன்று, அவ்வளவே.

சரக்கு போனபின் எஞ்சியது அலைதல் மட்டும். சரக்கில்லாமல் அலைபவரை அரசு எவ்வாறு பார்த்தது? வட இந்தியாவில் 1871இல் வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிடப்பட்டன. பெயர்ப்பதிவு, கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜராதல், ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு. அலைந்தவர்களை ஓரிடத்தில் அடைத்துவைக்கக் குடியிருப்புகள் எழுந்தன. ஆந்திரக் கடலோரத்தில் பாபட்லாவுக்கு அருகே எருகுலர்களுக்காக இரட்சணிய சேனை நடத்திய ஸ்டுவர்ட்புரம் அவற்றுள் ஒன்று. சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947இல் நீக்கியது. நாடு முழுவதும் அது 1952இல் ஒழிந்தது.

இந்த ஆண்டுகளைச் சற்றே இணைத்துப் பாருங்கள். 1885இல் இங்கிலாந்தின் கனவான் ஒருவர் நாடோடி வண்டியைத் தம் பொழுதுபோக்குக்கு எடுத்துக்கொண்டார். 1907இல் அங்கே வண்டி வீட்டு அன்பர்களுக்கென ஒரு சங்கமே பிறந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, அதே பேரரசின் சட்டம் நம் மாகாணத்தில் வண்டியும் கழுதையுமாக ஊர் மாறியவனிடம் சீட்டுக் கேட்டது. அலைதல் குற்றமா இன்பமா என்பதை அலைந்தவரின் செல்வநிலைதான் முடிவுசெய்திருக்கிறது.

இனி இன்றைய சாலை. மாமல்லபுரத்துக்கு அப்பால் புதுச்சேரி வரை மீனவ ஊர்களைத் தொட்டுச் சென்ற சிறு சாலைகளை இணைத்து, 1990களில் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவாக்கப்பட்டது. மரங்களும் மணல்மேடுகளும் மீனவர் வாழ்வும் பாதிக்கப்படும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அப்போது எதிர்த்தனர். பின்னர் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் அதனை மேம்படுத்தி, 2002 முதல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கியது. மாமல்லபுரம் – புதுச்சேரிப் பகுதி இன்று தேசிய நெடுஞ்சாலை 332ஏ.

இச்சாலையில் ஒரு பெரிய கேரவனை ஓட்டுவது பேருந்து ஓட்டுவதைக் காட்டிலும் பொறுமை கேட்கும் வேலை. உயரமும் தட்டையான பக்கங்களும் உள்ள வண்டியாதலால், முட்டுக்காட்டுப் பாலத்திலும் பாலாற்றுப் பாலத்திலும் கடற்காற்று பக்கவாட்டில் வந்து தள்ளும். மீனவக் குப்பங்களுக்குத் திரும்பும் குறுகிய வளைவுகளில், பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி எதிர்ப்பக்கம் வீசும். தாழ்ந்த மின்கம்பியும் புளியமரக் கிளையும் கூரையைத் தேடும். தொட்டிகளில் நல்ல நீரும் கழிவு நீரும் அலைவதால் சடுதியில் நிறுத்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. கரையோரம் நிறுத்தி வைத்த வண்டியின் அடிச்சட்டம், பிரேக் குழாய், மின் இணைப்பு என ஒவ்வொன்றையும் உப்புக்காற்று அரிக்கும். நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவாத வண்டி நெடுநாள் தாங்காது. உமணர் உப்பைச் சுமந்து சென்ற வழியில் இன்று உப்பு வண்டியைத் தின்கிறது.

ஆனால் நம்மை உறுத்துவது வேறொன்று. உமணர் வண்டியில் ஓட்டியவள் அவ்வீட்டின் தலைவி. நம் கேரவனில் ஓட்டுநர் வேறு, வீட்டுக்குரியவர் வேறு. படப்பிடிப்புக் களங்களில் யாருக்குக் கேரவன், யாருக்கு மரநிழல் என்பதே தகுதியின் அளவுகோல். துணை நடிகையர் உடை மாற்ற மறைவிடம் தேடும் அதே வெளியில், குளிரூட்டப்பட்ட ஓர் அறை பூட்டிக் கிடக்கக் காணலாம். நகரும் வீடு இங்கே வீடற்றவரின் தேவையிலிருந்து பிறக்கவில்லை; ஏற்கெனவே வீடுள்ளவரின் தனிமையிலிருந்து பிறந்தது.

அண்மைக் காலமாகப் பொதுமக்களும் இவ்வண்டியில் செல்லலாம் என்ற அழைப்பு வந்திருக்கிறது. கேரவன் சுற்றுலாவுக்கான கொள்கையொன்றை நடுவண் அரசு 2009இல் வகுத்தது. கேரளம் 2021இல் 'கேரவன் கேரளா' என்று தொடங்கியது. தமிழ்நாடு 2023இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றது. வரவேற்கலாம். ஒரு குடும்பம் அலம்பரைக் கோட்டையருகே கழிமுகத்தைப் பார்த்தபடி கண்விழிக்குமானால் அது நல்லதே. அதற்கு நிறுத்துமிடம், குடிநீர், மின்சாரம், கழிவை இறக்கும் வசதி எல்லாம் வேண்டும் என்பதும் உண்மை.

ஆயின் நிறுத்துமிடம் என்னும் அச்சொல்லிடம்தான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஆவடியிலும் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியிலும் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. ஏறக்குறைய நம் பயணத்தின் தொடக்கமும் முடிவும் அவை. (நரிக்குறவர் வேறு, குறவர் வேறு, பெயர் ஒற்றுமை கொண்டு குழப்பிக்கொள்ளலாகாது.) தலைமுறைகளாக அலைந்து வாழ்ந்த அவர்கள் ஓரிடத்தில் நிற்பதற்கான பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நெடுங்காலம் காத்திருந்தனர். மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் ஒரு நரிக்குறவப் பெண் மறுக்கப்பட்ட செய்தி 2021இல் வெளியானபின், அவ்வாண்டு நவம்பரில் முதலமைச்சர் பூஞ்சேரிக்குச் சென்று அங்குள்ள நரிக்குறவருக்கும் இருளருக்கும் பட்டாக்களை வழங்கினார். 2022 ஏப்ரலில் ஆவடிக் குடியிருப்புக்கும் வந்து ஒரு வீட்டில் சிற்றுண்டி அருந்தினார். நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த சட்டம் 2023இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

ஒரே சாலை, ஒரே கரை. ஒருவருக்கு ஓரிரவு நிறுத்த மின் இணைப்போடு இடம் ஒதுக்கத் திட்டமிடுகிறோம். மற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் நிற்க ஓரிடம் தருவதற்கு முக்கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டோம். கேரவன் பூங்கா வேண்டாம் என்பதன்று நம் வாதம். அதனைக் கட்டும்போது, இக்கரையில் வண்டியை வீடாக்கி வாழ்ந்தவர்களின் நினைவும் அதற்குள் இருக்கட்டும் என்பதே. பூங்காவின் வாயிலில் உமணர் வண்டி ஒன்றை, கோழிக்கூடும் உரலும் காடிப் பானையுமாக, பாட்டில் உள்ளபடியே செய்து வைக்கலாம். பார்க்கும் குழந்தை 'உள்ளே யார்?' என்று கேட்டால் சொல்ல நமக்கு இரண்டாயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது.

அடுத்த முறை மரக்காணம் உப்பளத்தருகே வண்டியை ஓரங்கட்டும் வாசகர்கள், கீழே குனிந்து ஸ்டெப்னியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளம் வருமா, மேடு வருமா என்பது ஔவைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாத வழிக்கு ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டிவைத்தவர்கள் இவ்வழியே முன்னே போயிருக்கிறார்கள்.